கீல்வாதம் என்றால் எந்த நோய்?

மாத்திரை பற்றிய விளக்கத் தாள் ஒன்றின் தமிழாக்கம் கைக்கு வந்தது. தலைப்பில் 'கீல்வாதம்' என்று இருந்தது. முதல் பத்தியில் அந்தச் சொல் 'கவுட்' (gout) என்ற, யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படியும் நோயைக் குறித்தது, அடுத்த பத்தியில் மூட்டுநோய் எல்லாவற்றையும் குறித்தது, கடைசியில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டும் அதே பெயரில் வந்தது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படிக்கிற நோயாளி தனக்கு எது என்று எப்படிக் கண்டுகொள்வார்?

கீல் என்றால் மூட்டு, பொருத்து. கதவுக்கும் கீல் உண்டு. வாதம் என்பது வாத பித்த கபத்தில் முதலாவது. சித்த மருத்துவத்தில் இதைக் கீல்வாயு என்றும் சொல்வார்கள்; அது பல மூட்டுநோய்களுக்குப் பொதுப்பெயர். அவற்றில் அழல் கீல்வாயுவைத்தான் இன்று மூட்டுத் தேய்மானத்தோடு ஒப்பிடுகிறார்கள். அந்த மருத்துவத்துக்குள் சொல் சரியாகவே நிற்கிறது. குடும்பப் பெயரை எடுத்து ஒரு பிள்ளைக்கு மட்டும் சூட்டியது மொழிபெயர்ப்பாளர்கள் செய்த வேலை.

கவுட் என்ற பெயரும் பழைய நம்பிக்கையில் பிறந்ததுதான். இலத்தீனில் 'குட்டா' என்றால் துளி. கெட்ட நீர் சொட்டுச் சொட்டாக மூட்டில் இறங்குகிறது என்று நினைத்தார்கள். 1848-இல் ஆல்பிரட் கேரட் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரை முனைவாக்கிய ஒளியில் பார்த்து, யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட்டின் ஊசி ஊசியான படிகங்களை அடையாளம் கண்டார்கள். அதன்பின் இந்த நோய்க்கு வாதம் என்று பெயர் வைக்க ஒரு காரணமும் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. 'வாதம்' காதில் விழுந்ததும் நம்மவர்கள் முதலில் நிறுத்துவது உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும். வாயுப் பதார்த்தமாயிற்றே! எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கொண்டைக்கடலையைக்கூட விலக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலையும் பீரையும் விடவில்லை. விட வேண்டியவை அந்த இரண்டும்தான். இன்னும் சிலர் வாதம் என்றதும் பக்கவாதம் வந்துவிடும் என்று பயந்து போகிறார்கள்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது 'போலிக் கீல்வாதம்'. 1962-இல், கவுட் போலவே தோன்றும் இன்னொரு நோயில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள் இருப்பது தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'சூடோகவுட்' என்று பேர் வைத்தார்கள். அந்த 'சூடோ'வை நம்மவர்கள் அப்படியே 'போலி' ஆக்கிவிட்டார்கள். தமிழில் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்றால் பொய் என்றுதான் பொருள். முழங்கால் வீங்கி, கொதித்து, கட்டிலை விட்டு இறங்க முடியாத எழுபது வயதுப் பாட்டியிடம் "உங்களுக்குப் போலி நோய்" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு கொடுமை! ஆங்கிலத்திலேயே இப்போது படிகத்தின் பேரை வைத்துத்தான் அதைக் குறிக்கிறார்கள். நாம் மட்டும் அவர்கள் கழற்றிப்போட்ட பெயரைத் தூக்கிச் சுமக்கிறோம்.

பேச்சு வழக்கில் 'மூட்டுல உப்பு படிஞ்சிருக்கு' என்பார்கள். வேதியியல்படி இது பொய்யில்லை, மோனோசோடியம் யூரேட் உப்புதான். ஆனால் சிறுநீரகக் கோளாறில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறினாலும் நம் ஊரில் 'உப்பு ஏறிடுச்சு' என்றே சொல்கிறோம். சமையல் உப்பைக் குறைத்தால் போதும் என்றும் நினைத்துவிடுகிறோம். அதனால் எழுத்தில் அது வேண்டாம்.

என் பரிந்துரை இது: பொதுப்பெயர் படிக மூட்டழற்சி, கவுட்டுக்கு யூரேட்டு மூட்டழற்சி, மற்றதற்குக் கால்சியப் படிக மூட்டழற்சி. யூரேட்டு தமிழா, படிகம் வடசொல் அல்லவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வாதமும் வடசொல்தான். படிகம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த சொல். எந்தப் பொருள் எங்கே படிந்திருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிட்டால் சிகிச்சையும் விளங்கும். ரத்தத்தில் யூரேட்டின் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது படிகமாகலாம். 6-க்குக் கீழே நிறுத்தி வைத்தால் படிந்தது மெல்லக் கரையும். யூரேட்டைக் குறைக்கும் அல்லோப்யூரினால் மாத்திரை அதற்குத்தான். வலி நின்றதும் அதை நிறுத்துகிறவர்களுக்கு, நின்றது வலி மட்டும், படிகம் உள்ளேதான் இருக்கிறது என்பது 'வாதம்' என்ற சொல்லால் எப்படிப் புரியும்?

வலி கிளம்பும்போது தரும் கோல்சிசினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 'இலையுதிர்காலக் குங்குமப்பூ'விலிருந்து வருவதாக அதே தாளில் இருக்கிறது. 'ஆட்டம் குரோக்கஸ்' என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு. குங்குமப்பூவுக்கும் கோல்சிக்கம் என்ற அந்தச் செடிக்கும் உறவே இல்லை. பால் காய்ச்சும்போது போடுகிற குங்குமப்பூ என்று ஒருவர் நினைத்தால் யார் பொறுப்பு? அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, கோல்சிசினுக்காகவே விதையை விற்கிறார்கள். 'செங்காந்தள் விதையிலும் உள்ள மருந்து' என்று எழுதியிருந்தால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரிந்திருக்கும். கூடவே, கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும் நஞ்சு, மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்தான், கைவைத்தியம் கூடாது என்ற வரியையும் அங்கேயே சேர்த்திருக்கலாம்.