ஆடும் கியர் லிவருக்காகக் கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

பழைய காரின் கியர் லிவர் தொளதொளவென்று ஆடத் தொடங்கிவிட்டால், கியர்பாக்ஸே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உடுமலை, தாராபுரம் பக்கமிருந்து எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "இறக்கித்தான் ஆக வேண்டுமுங்களா?" என்பதுதான். அதற்கு முன்பே எங்கோ ஓரிடத்தில் பெரிய தொகையைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள். லிவர் ஆடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக கியர்பாக்ஸைக் கழற்றுவது அநியாயச் செலவு. அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உண்டு.

கையில் பிடிக்கும் லிவர் நேராகக் கியர்பாக்ஸுக்குள் போவதில்லை. 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கும். லிவரிலிருந்து தரைத்தகட்டுக்கு அடியில் ஒரு ராடு முன்னோக்கி ஓடும். அந்த ராடு சேரும் இடங்களில் எல்லாம் சின்னச் சின்னப் புஷ்கள், அதாவது மூட்டுக்குள் உட்காரும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையங்கள், இருக்கும். பிற்காலத்தில் வந்த பல கார்களில் ராடுக்குப் பதில் இரண்டு கேபிள்கள். ஸ்டீயரிங் கம்பத்திலேயே கியர் உள்ள பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ராடுகளும் இணைப்புகளும் இன்னும் அதிகம். தேய்மானம் பெரும்பாலும் இந்த இடைவழியில்தான் நடக்கிறது. வாய்க்கால் மேட்டுச் சேறும் தோட்டத்துப் பாதைப் புழுதியும் அடியில் ஒட்டி, கிரீஸைத் தின்றுவிடும். மேலே ரப்பர் உறை கிழிந்திருந்தால் மண் உள்ளேயே இறங்கும்.

ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மாருதி 800 அப்படித்தான் வந்தது. மூன்றிலிருந்து நான்கைத் தேடினால் சில சமயம் இரண்டில் போய் விழுகிறது என்றார். ராடு இணைப்பைக் கழற்றியபோது புஷ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொடிதான் இருந்தது. அதனுள்ளே ஓடிய போல்ட், நடுவில் ஒரு பக்கம் பிறை போலத் தேய்ந்து, விரல் நகத்தை வைத்தால் பள்ளம் தட்டியது. புது புஷ் செட்டும் போல்ட்டும் போட்டோம். சில நூறு ரூபாய்ப் பொருள்.

வேகத்தில் ஓடும்போது இரண்டாம் கியர் தவறி விழுந்தால், இன்ஜின் அலறி, முன்சக்கரங்கள் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும். மழை ஈரத்தில் வண்டி வழுக்கிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பம் மலைப்பாதையில் 27. இறங்கும்போது இரண்டாம் கியர் உடனே சிக்காமல் நியூட்ரலில் தவித்தால், வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல்தான். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்தால் அங்கே ஒதுங்கக்கூட இடம் இருக்காது. ஆகவே லிவர் ஆட்டத்தைப் பழகிக்கொள்ளாதீர்கள்.

பழுது எங்கே என்பதை நீங்களே ஓரளவு பிரித்தறியலாம். சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஒருவர் லிவரை அசைக்கட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து, ராடோ கேபிளோ கியர்பாக்ஸில் போய்ச் சேரும் முனையைப் பார்க்கட்டும். கை நிறைய அசைந்தும் அந்த முனை சும்மா இருந்தால் குற்றம் இடையிலுள்ள புஷ், ராடு அல்லது கேபிளில். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் வழுவழுவென்று விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் முதலில் கிளட்சைப் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் உள்ளே சிங்க்ரோ வளையம் (கியர் விழும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்வது) தேய்ந்திருக்கலாம். அப்போது கியர்பாக்ஸைத் திறப்பது நியாயம். போட்ட கியர் தானே கழன்று வந்தால், இன்ஜின் மவுண்ட் ரப்பர் அறுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் குலுங்கும்போது ராடையும் சேர்த்து இழுக்கும்.

ஆடும் மூட்டில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். அசைய வேண்டிய மூட்டு இறுகி, முழுச் சுமையும் கியர்பாக்ஸின் மேல் விழும். கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் முழு ராடு செட் கிடைத்தாலும், அதுவும் உங்கள் வண்டியின் வயதுதான். உள்ளே புஷ் புதிதாகப் போட்டே மாட்டுங்கள்.

புதுப் பொருள் கிடைக்காத வண்டிகளுக்குக் கோவைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கணபதி, ஆவாரம்பாளையம் லேத் பட்டறைகளில் மாதிரியைக் கொடுத்தால் புஷ்ஷைக் கடைந்து தருவார்கள். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள். நைலான் ஈரத்தை இழுத்துச் சற்று உப்பும். கெட்டியாக இருக்கட்டும் என்று இரும்பில் மட்டும் வேண்டாம். தேய வேண்டியது புஷ். இரும்புப் புஷ் ராடைத் தின்றுவிடும். பழைய போல்ட்டின் தேய்ந்த இடத்தில் அளவெடுத்தால் புஷ்ஷின் துளை சிறுத்து, புதுப் போல்ட் உள்ளே நுழையாது. தேயாத பகுதியில் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் போதும். மாட்டிய பின் நியூட்ரலில் லிவர் நேராக நிற்கிறதா, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் முழுதாக விழுகிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் நுழைய வேண்டும். ஓட்டும்போது கையை லிவரின் மேலேயே ஊன்றி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த அழுத்தம் உள்ளே கியரைத் தள்ளும் கவையான செலக்டர் போர்க்கைத் தேய்க்கும், அது தேய்ந்தால் கியர்பாக்ஸை உண்மையிலேயே இறக்கித்தான் ஆக வேண்டும். கழற்றிய பழைய புஷ்ஷை மெக்கானிக்கிடம் கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் கேட்காமலேயே காட்டுவார்.