முழங்கால் மூட்டுத் திரவத்தில் நடமாடும் செல்கள்

மூட்டுத் தேய்மானம் உள்ளவரின் முழங்காலில் நீர் கோத்துக்கொண்டால், மருத்துவர் ஊசியால் அதை உறிஞ்சி எடுப்பதுண்டு. குழலுக்குள் வருவது பெரும்பாலும் இளமஞ்சளாக, தெளிவாக இருக்கும். ஊசிமுனையிலிருந்து ஒரு துளியை விழவிட்டால் உடனே சொட்டாது. நூலாக நீண்டு, பிறகுதான் அறும். அந்தப் பிசுபிசுப்பைத் தருவது ஹையலுரோனிக் அமிலம். அடுத்து அந்தத் திரவத்தில் உள்ள வெள்ளணுக்களை எண்ணுவார்கள். நலமான மூட்டில் மைக்ரோலிட்டருக்கு 200-க்கும் குறைவாகவே இருக்கும். தேய்மான மூட்டில் பொதுவாக 2,000-ஐத் தாண்டாது. உடலின் நோயெதிர்ப்பே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் பல ஆயிரமாகப் பெருகும். கிருமி புகுந்த மூட்டில் 50,000-ஐயும் மிஞ்சலாம்.

இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மூட்டுத் தேய்மானம் நெடுங்காலமாக 'அழற்சியற்ற' நோய் என்று வகைப்படுத்தப்பட்டது. வயதும் உடல் எடையும் குருத்தெலும்பை அரைத்துவிட்டன, அவ்வளவுதான் என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, சிகிச்சையிலும் ஊறிப்போயிற்று. எத்தனை செல்கள் என்பதோடு நின்றுவிட்டதுதான் இங்கே நேர்ந்த குறை என்பேன். எந்தச் செல்கள், அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு.

அப்படிக் கேட்க உதவும் கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர். முதலில் ஒரு நொதியைச் சேர்த்துத் திரவத்தின் பிசுபிசுப்பை உடைக்கிறார்கள். இல்லையென்றால் குழாயில் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு வகைச் செல்லையும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கலந்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓடவிடுகிறார்கள். எந்த நிறத்தில் ஒளிர்கிறதோ, அதுவே அந்தச் செல்லின் அடையாளம். கிருமித் தொற்றில் முந்திக்கொண்டு குவியும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் தேய்மானத் திரவத்தில் சிறுபான்மைதான். மோனோசைட்டுகள், அவற்றிலிருந்து முதிர்ந்து கிருமியையும் கழிவையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள் ஆகிய வேறு வகை வெள்ளணுக்களே அதிகம். ஆளுக்கு ஆள் இவற்றின் விகிதம் வெகுவாக மாறும்.

கிருமியே இல்லாத இடத்தில் இவற்றுக்கு என்ன வேலை? குருத்தெலும்பு சிதையும்போது ஃபைப்ரோனெக்டின், அக்ரிகன் போன்ற புரதங்களின் துணுக்குகள் திரவத்தில் கலக்கின்றன. நீண்ட சங்கிலியாக இருக்க வேண்டிய ஹையலுரோனிக் அமிலமும் துண்டுபடுகிறது. மேக்ரோஃபேஜ்களின் மேற்பரப்பில் கிருமிகளைக் கண்டறியவென்று உள்ள டோல் வகை ஏற்பிகள் இந்தத் துணுக்குகளையும் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கின்றன. உடனே செல்லிலிருந்து இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் முதலிய சைட்டோகைன்கள், அதாவது அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்கள், வெளியேறுகின்றன. குருத்தெலும்பின் உள்ளே வாழும் செல்கள் அந்தச் செய்தியை வாங்கி, தம்மைச் சுற்றியுள்ள கொலாஜனையும் அக்ரிகனையும் வெட்டும் நொதிகளைச் சுரக்கின்றன. மேலும் துணுக்குகள், மேலும் சைட்டோகைன்கள் என்று சுழல் நீள்கிறது. ரத்தக்குழாயே இல்லாத குருத்தெலும்பால் இந்த இழப்பை எளிதில் ஈடுகட்டவும் முடியாது.

மேக்ரோஃபேஜ்களை வெறும் வில்லன்களாக்கிவிடவும் கூடாது. மூட்டு உறையின் உட்புறத்தில் நிலையாகக் குடியிருப்பவை, கழிவுகளை விழுங்கி, வேலிபோல் நெருக்கமாக நின்று மூட்டைக் காப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்திலிருந்து புதிதாக வந்து சேர்பவையே பெரும்பாலும் அழற்சியைக் கிளறுகின்றன. செயலூக்கம் பெற்ற மேக்ரோஃபேஜ்களில் மட்டும் ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளின் முழங்கால்களைப் படமெடுத்தார்கள். சுமார் 76 சதவீத முழங்கால்களில் அவை தென்பட்டன. அவை மிகுதியாக இருந்த இடத்தில் வலியும் கூடுதலாக இருந்தது.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதுமே என்று தோன்றும். முடக்குவாத சிகிச்சையையே மாற்றிய டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் தேய்மானத்தில் ஏமாற்றத்தையே தந்தன. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கிறது. ஆனால் 140 நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டோ வெறும் உப்புநீரோ செலுத்திப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களின் வலி மற்றவர்களைவிடக் குறையவில்லை. குருத்தெலும்பு இழப்புதான் கூடியது. காக்கும் செல்லையும் கிளறும் செல்லையும் ஒருசேர அடக்குவதைவிட, முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை மட்டும் தடுப்பதே சரியான வழி என்று நினைக்கிறேன். அதற்கு முதலில், ஒரே நோய்ப்பெயர் கொண்ட இரண்டு பேரின் திரவத்தில் எந்தச் செல்கள் மேலோங்கி இருக்கின்றன என்று தனித்தனியே பார்த்தாக வேண்டும்.