கையில் எண் இல்லையாம்!

கடந்த கிழமை மறுபடியும் அதே காட்சி. தொண்ணூற்றைந்து வயதுப் பெண்மணி குளியலறைக் கதவு நிலையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஹங்கேரிய மொழியில் கதறுகிறார். உள்ளே ஷவர் திறந்தபடி. பக்கத்தில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி விழி பிதுங்க நிற்கிறாள்.

"அக்கா, யூதர் என்று தெரியும். கையைப் பார்த்தேன், எண் இல்லை. அதனால் ஹிட்லரின் முகாமில் இருந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்."

ரொறன்ரோவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருபது ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! நாம் கைரேகை சாத்திரிகள் அல்ல, தங்கச்சி.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் நாஜிகள் யூதர்களை அடைத்த முகாம்களில், கைதியின் கையில் எண்ணைப் பச்சை குத்தியது அவுஷ்விட்ஸிலும் அதன் கிளை முகாம்களிலும் மட்டும்தான். டாகாவ், புகன்வால்ட், பெர்கன்-பெல்சன் போன்ற முகாம்களில் எண் உடுப்பில் இருந்தது, தோலில் அல்ல. அவுஷ்விட்ஸிலும் எல்லாருக்கும் குத்தவில்லை. அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறக்குறைய 13 இலட்சம் பேர். பதிந்து எண் கொடுத்தது சுமார் 4 இலட்சம் பேருக்கு. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ரயிலை விட்டு இறங்கிய கையோடு நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். கொல்லப்போகிறவர்களுக்கு எதற்கு எண்? 1944 மே நடுவிலிருந்து ஜூலை 9 வரை ஹங்கேரியிலிருந்து மட்டும் 4 இலட்சத்து 37 ஆயிரம் யூதர்களை ரயிலேற்றினார்கள், பெரும்பாலும் அவுஷ்விட்ஸுக்கு. வேலைக்கென்று பிரித்தெடுத்தவர்களிலும் பலரைப் பதியாமலே அவுஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்க்கனாவில் அடைத்துவைத்து, பிறகு வேறு முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் பெண்மணி அவர்களில் ஒருவர். அப்போது வயது பதினான்கு. தாயும் தம்பியும் நச்சுவாயு அறைக்கான வரிசைக்குப் போனார்கள். இவர் 1945 ஏப்ரல் 15 அன்று பிரித்தானியப் படை நுழைந்தபோது பெர்கன்-பெல்சனில் காய்ச்சலோடு கிடந்தார். கையில் ஒரு கீறல் கூட இல்லை.

முகாமையே காணாமல் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். கன்னியர் மடத்தில் வேறு பெயரோடு ஒளிந்திருந்த பிள்ளைகள், புடாபெஸ்டில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில் பட்டினி கிடந்தவர்கள். "எனக்கு என்ன நடந்தது, மற்றவர்கள் பட்டதற்கு முன்னால்?" என்று அவர்களே சொல்வார்கள். அதை நம்பி கோப்பினை மூடிவிடாதீர்கள்.

நச்சுவாயு அறையைக் குளியலறை என்று சொல்லித்தான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். நம் பெண்மணி ஷவரைக் கண்டு ஏன் அஞ்சுகிறார் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை. மறதிநோய் காலைச் சாப்பாட்டை மறக்கடிக்கும், பதினான்கு வயதை அப்படியே விட்டுவைக்கும். இதைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

நினைவு தெளிவாக இருந்த நாட்களில் அவர் எனக்குச் சொன்னவை அதிகமில்லை. பாணைப் பற்றி மட்டும் சொல்லுவார். பங்கு பிரிக்கும்போது எல்லாருடைய கண்ணும் வெட்டுகிறவளின் கையில் இருக்குமாம். ஓரத்துண்டு கிடைத்தால் நல்ல நாள், ஏனென்றால் அது கெட்டியாக இருக்கும், மெல்ல நேரமெடுக்கும். இன்றும் பாணைப் பிய்த்ததும் பாதியைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொள்கிறார். விரல் நுனியை நாக்கில் நனைத்து, மேசையில் சிந்திய துகள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கிறார். அந்த நேரத்தில் ஓடிப்போய் மேசையைத் துடைக்கிற சுறுசுறுப்புக்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷவருக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். கிண்ணத்தில் இளஞ்சூட்டு நீர், துணி, தோளில் துவாய், திறந்த கதவு, அவ்வளவு போதும். தண்ணீரை முதலில் அவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். தலையணைக்கடியில் பழைய பாண் இருந்தால் களவாக எடுத்து எறியாதீர்கள். புதிய துண்டை அவர் கண்முன் வைத்துவிட்டுப் பழையதைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்காக வாசலில் வரிசையாக நிறுத்தாதீர்கள். இரவில் முகத்துக்கு டோர்ச் அடிக்காதீர்கள். "கெதியாக, கெதியாக" என்று எந்த மொழியிலும் விரட்டாதீர்கள். அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது யாருக்குமே மரியாதை அல்ல, இவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கலவரப்பட்டால் உடனே மாத்திரைக்காக வைத்தியரை அழைக்க ஓடாமல், ஐந்து நிமிடத்துக்கு முன் அறையில் என்ன நடந்தது என்று பாருங்கள். பழைய கதையைச் சொல்லச் சொல்லித் தூண்டாதீர்கள். அவராகச் சொன்னால் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாளே பிள்ளைகளிடம் கேளுங்கள்: அம்மா எங்கே பிறந்தார், 1939க்கும் 1945க்கும் இடையில் எங்கே இருந்தார்? இரண்டு கேள்விதான்.

இன்னொன்று. கனடா தின வாணவேடிக்கை வெடிக்கிற இரவில், இலங்கைப் போரைக் கண்டு வந்த நாங்கள், எங்கள் ஷிப்டில் மூன்று பேர், கையிலிருப்பதை வைத்துவிட்டு ஒரு கணம் அசையாமல் நிற்போம். குளியலறையில் விழி பிதுங்க நின்ற அந்தப் பிள்ளையின் தாயும் எங்களில் ஒருத்தி. எங்கள் கையிலும் எந்த எண்ணும் இல்லை. அந்த யூதர்கள் பட்டது வேறு, நாங்கள் பட்டது வேறு. ஆனாலும் உடம்பு எதை வைத்திருக்கும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் கோபம்.

அன்று கதவு நிலையிலிருந்து அவருடைய விரல்களைப் பிரிக்க நான் முயலவில்லை. ஷவரை நிறுத்தினேன், விளக்கைப் போட்டேன், நாற்காலியை வாசலிலேயே போட்டு உட்காரவைத்தேன். இருபது நிமிடம் கழித்து அவரே துணியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பராமரிப்புக் குறிப்பில் "குளிக்க மறுக்கிறார்" என்று இருந்ததை நீக்கிவிட்டு, "ஷவர் வேண்டாம். கிண்ணமும் துணியும். கதவு திறந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். இரவு ஷிப்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்.