சீல் உடையாத பீப்பாய்

காரைக்கால் பக்கம் ஒரு பாய்மரப் படகு ஒதுங்கியிருந்தது. என்ஜின் கோளாறு. பார்க்கப் போன மெக்கானிக் பையன், "அண்ணே, ராஃப்டையும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று என்னையும் கூட்டிப்போனான். ராஃப்ட் என்றால், படகு மூழ்கினால் ஏறித் தப்பிக்க, பீப்பாய்க்குள் மடித்து வைத்திருக்கும் காற்று மிதவை. மேல்தளத்தில் பளபளவென்று வெள்ளை ஃபைபர் பீப்பாய். "சீல்கூட உடையல தம்பி, உள்ள புதுசாத்தான் இருக்கும்" என்றார் உரிமையாளர்.

அந்தப் பளபளப்புதான் எனக்கு உறுத்தியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேறும் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆளைத்தான் இதற்கும் விட்டிருக்கிறார். நல்ல வேலைக்காரர்தான். பீப்பாயின் அடியில் இருந்த சின்ன ஓட்டைகளைப் பழுது என்று நினைத்து, பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டார். உள்ளே சேரும் ஈரம் வடிவதற்கென்றே வைத்த ஓட்டைகள் அவை! பிறகு சென்னையில் சர்வீஸ் நிலையத்தில் திறந்தபோது அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மிதவையை ஊதும் வாயு சிலிண்டரின் தலையில் துரு. ஆபத்தில் கையில் பிடித்துச் சைகை காட்டும் தீபங்கள் காலாவதி. சைக்கிள் செயினையே தின்றுவிடுகிற நம் கடற்கரைக் காற்றில் வேறென்ன நடக்கும்?

ஆனால் அதைவிட என்னைப் பயமுறுத்தியது வெளியே இருந்த கயிறு.

பீப்பாயை அழுத்திப் பிடிக்கும் பட்டையோடு ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற சின்னக் கருவி இருக்கும். படகு மூழ்கினால், ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழத்துக்குள் நீரின் அழுத்தத்தில் அதிலுள்ள கத்தி பாய்ந்து பட்டையின் பிணைப்பை அறுக்கும். பீப்பாய் மேலே மிதந்து வரும். அப்போது மிதவையைப் படகோடு பிணைக்கும் கயிறு ('பெயின்டர்' என்பார்கள், பெயின்ட் அடிப்பவரோடு சம்பந்தமில்லை) இழுபட்டு, வாயு திறந்து மிதவை விரியும். அந்தக் கயிற்றைப் படகோடு சேர்ப்பது 'வீக் லிங்க்', வேண்டுமென்றே பலம் குறைவாக வைத்த இணைப்பு. விரிந்த மிதவை மேலே இழுக்கிற வேகத்தில் அது அறுந்துவிட வேண்டும். இவரோ 'கெட்டியா இருக்கட்டும்' என்று கயிற்றை நேராகத் தளத்து வளையத்தில் ஷேக்கிள் என்ற இரும்புக் கொளுவி போட்டு மாட்டியிருந்தார். படகு போனால் மிதவையும் கூடவே போகும்.

ரிலீஸ் கருவியே இல்லாத படகு என்றால் கதை வேறு. அங்கே கயிற்றை உறுதியான வளையத்தில்தான் கட்ட வேண்டும். பீப்பாயின் கைப்பிடியில் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், சிரிக்கவா அழவா?

சரி, நீங்கள் என்ன பார்க்கலாம்? பீப்பாயைத் திறக்காதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. ஓட்டைகள் அடியில் திறந்தே இருக்கின்றனவா, கயிறு எங்கே போகிறது, ரிலீஸில் குறித்த தேதி தாண்டிவிட்டதா (பெரும்பாலும் மாட்டியதிலிருந்து 2 வருடம்), அடுத்த சர்வீஸ் எப்போது என்று பாருங்கள். கப்பல்களுக்கு வருடா வருடம் சர்வீஸ். சில யாட் (உல்லாசப் படகு) ராஃப்டுகளுக்குத் தயாரிப்பாளரே 3 வருடம் தருகிறார். நம் உப்புக்காற்றுக்கு நான் அதை நம்ப மாட்டேன். சிலிண்டரில் வாயு இருக்கிறதா என்பதைக்கூட எடை போட்டுத்தான் சொல்ல முடியும்.

அன்று கயிற்றை உரிமையாளர் கையாலேயே கழற்றி மாட்டச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.