வழுக்கும் சக்கரமும் அந்த 43 சதவீதமும்

சில ஆண்டுகளுக்கு முன் ரயிலில் முன்பதிவு செய்தவர்கள் பயணச்சீட்டை உற்றுப் பார்த்திருந்தால் குத்தலாக ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் உங்களிடம் வசூலிக்கிறோம் என்று 2016 முதல் ரயில்வே அச்சடித்தது. மிச்சம் 43 சதவீதத்தை நாட்டு மக்கள் சுமக்கிறார்கள், தெரியுமா என்றும் பிறகு கேட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவனிடம் ‘ஓசிச் சோறுதானே?’ என்று கேட்பதுபோல. அந்த 43 சதவீதம் எப்படி வருகிறது என்று தேடிக்கொண்டே போனால், விஷயம் கடைசியில் சக்கரத்தில் போய் நிற்கிறது.

ஒரு டன் எடையுள்ள காரை நியூட்ரலில் போட்டுச் சமமான சாலையில் தள்ளுங்கள். அது நிற்காமல் நகர, 10 கிலோ எடையைத் தூக்குமளவு விசை வேண்டும். ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நம் உழைப்பில் ஒரு பங்கு அங்கே சூடாகிக் கரைகிறது. அதே ஒரு டன்னை எஃகுச் சக்கரத்தில் ஏற்றித் தண்டவாளத்தில் வைத்தால் ஒன்றிரண்டு கிலோ விசை போதும். எஃகு அநேகமாக நசுங்குவதே இல்லை. பெட்டியின் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும் இடம் சுண்டுவிரல் நகத்தளவுதான்.

இந்த வழவழப்புக்கு ஒரு விலை உண்டு. 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டை பைக்கில் போகிறவர் கவனிக்கவே மாட்டார். ரயிலுக்கோ அங்கே டன்னுக்கு 10 கிலோ இழுவை கூடிவிடும், அதாவது சமதளத்தில் இழுத்ததைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு. (மேட்டுப்பாளையம்–ஊட்டி வண்டிக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பற்கள் வைத்த தண்டவாளம்) போட்டிருப்பது சும்மா இல்லை, அங்கே சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று.) நிறுத்துவதும் லேசல்ல. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நீண்ட விரைவு வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பிடிக்கும். எதிரே என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் கண்ணால் பார்த்து பிரேக் போட்டால் காலம் கடந்திருக்கும். எனவே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வேறு யாரும் குறுக்கே வராத தனிப் பாதை போட்டு, அதை சிக்னல்களால் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுவது மலிவு, ஓடுவதற்கு முன் ஆகும் செலவுதான் மலை.

சென்னை பீச்–தாம்பரம் பாதை 1931-லேயே மின்மயமானது. அதில் பத்து வண்டி ஓடினாலும் நூறு ஓடினாலும் பாலமும் சிக்னலும் இருந்தே ஆக வேண்டும். பாதிக் காலியாகக் கிளம்பும் மின்சார ரயிலில் இன்னும் ஒருவர் ஏறினால் ரயில்வேக்கு ஆகும் கூடுதல் செலவு சல்லிக்காசு. அவர் தலையில் பாதைச் செலவையும் பங்கு வைத்தால் அவர் டூவீலரை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைக்குப் போவார். இருக்கை காலியாக ஓடும், சாலை இன்னும் நெரியும். இதைத்தான் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹெரால்ட் ஹோட்டலிங் 1938-ல் சொன்னார்: கூடுதலாக ஒருவர் வருவதால் ஆகும் செலவை மட்டும் கட்டணமாக வாங்குங்கள், நிலையான செலவைப் பொதுவரியிலிருந்து எடுங்கள். 1946-ல் இன்னொரு பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் மடக்கினார்: சீட்டுக் காசு செலவைக் கட்டவில்லையென்றால், அந்தப் பாதை மக்களுக்குத் தேவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மானியத்துக்கு எனக்குப் பிடித்த காரணம் வேறு. 1972-ல் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மொஹ்ரிங் எழுதியது. 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். கூட்டம் கூடி, 10 நிமிடத்துக்கு ஒன்றாக வண்டி விட்டால் காத்திருப்பு ஐந்து நிமிடம். புதிதாக வந்த பயணிகளால் பழையவர்களுக்கு நாளும் ஐந்து நிமிடம் மிச்சமாகிறது. சாலையில் நடப்பது நேர் எதிர்: அங்கே புதிதாக வரும் ஒவ்வொரு காரும் மற்ற எல்லோரையும் தாமதப்படுத்துகிறது. ரயிலேறும் ஒருவர் மற்றவர்களுக்குத் தரும் அந்த நிமிடங்களுக்கு எந்தக் கவுன்டரிலும் ரசீது கிடையாது.

சக்கரம் பின்னோக்கியும் சுற்றும். கட்டணத்தைக் கூட்டினால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் வண்டியைக் குறைப்பார்கள், காத்திருப்பு நீளும், இன்னும் ஆள் குறையும். பிரிட்டனில் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் 1963 அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. கிளைப் பாதைகளை வெட்டினால் மக்கள் காரில் வந்து பெரிய நிலையத்தில் ஏறிக்கொள்வார்கள் என்பது கணக்கு. காரில் ஏறியவர்கள் அதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நஷ்டமும் தீரவில்லை. ஸ்காட்லாந்தில் 1969-ல் மூடிய வேவர்லி பாதையின் வடபகுதியை 2015-ல் பெருஞ்செலவில் மறுபடி போட்டுத் திறந்தார்கள்.

டோக்கியோவிலும் ஹாங்காங்கிலும் ரயில் லாபத்தில் ஓடவில்லையா என்பார்கள். ஓடுகிறது, நிலையத்தின் தலைமேலும் சுற்றியும் கட்டிய கடைகள், குடியிருப்புகளின் வருமானமும் ரயில் நிறுவனத்துக்கே வருகிறது. ரயில் வந்ததால் ஏறிய நிலமதிப்பை அங்கே ரயிலே அறுவடை செய்கிறது. நம்மூரில் அது வீட்டுமனை விற்பவருக்குப் போகிறது.

சரி, இங்கே அந்த 43 சதவீதத்தை உண்மையில் யார் கட்டுகிறார்கள்? பெரும்பாலும் சரக்கு ரயில். அதன் எடையில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. பயணிகளுக்காக நிலக்கரியின் வாடகையை ஏற்றினால் அது மின்சாரத்தின் விலையில் ஏறுகிறது. ரயிலையே பார்க்காதவர் வீட்டு பல்பும் பங்கு கொடுக்கிறது. நிலக்கரிக்கு வேறு போக்கில்லை. சிமென்ட்டுக்கும் தானியத்துக்கும் லாரி இருக்கிறது. 1951-ல் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் சுமந்த ரயிலின் பங்கு இன்று மூன்றில் ஒன்றுக்கும் கீழே. சாலைகளும் ஒரு காரணம்தான், ஆனால் இந்த வாடகைக்கும் அதில் பங்குண்டு. 2017-ல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. 2024-25-ல் 2.52 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், ஆனால் அது முதலீட்டுக்கு. அன்றாட ஓட்டத்தின் பள்ளத்தைச் சரக்குதான் நிரப்புகிறது. அதைப் பொது பட்ஜெட்டிலேயே வெளிப்படையாக ஒரு தலைப்பில் எழுதிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

கோஸின் கேள்விக்கு ஜெர்மனியில் ஓரளவு விடை இருக்கிறது. 1996 முதல் அங்கே உள்ளூர் ரயில்களை மாநிலங்கள்தான் ஆர்டர் செய்கின்றன. பணம் பெரும்பகுதி மத்திய அரசுடையது. எந்தப் பாதையில் மணிக்கு எத்தனை வண்டி, எத்தனை இருக்கை என்று ஒப்பந்தத்தில் எழுதி ஏலம் விடுகிறார்கள். வண்டி ஓடாவிட்டால் பணத்தில் பிடித்தம். ஆள் ஏறாத பாதைக்கு அடுத்த ஒப்பந்தத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே பீச்சிலிருந்து தாம்பரம் வரும் வண்டிகளில் ஒரு பகுதிதான் செங்கல்பட்டு வரை போகிறது. சிங்கப்பெருமாள்கோவில் நடைமேடையில் நிற்பவருக்கு அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.