முன்பக்கம் கிழிந்த அகராதி

பழைய புத்தகங்களைச் செப்பனிடுவது என் தொழில். ஆங்கில அகராதியோடு வருகிறவர்கள் பலர் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: "முன்னாடி இருக்கிற கிழிசலை எடுத்துடுங்க. 'ஏ'யில இருந்து பைண்ட் பண்ணா போதும்."

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கிழிசலில்தான் அகராதியின் சாவி இருக்கிறது.

1755-ல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதி, சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. 1773-ல் வில்லியம் கென்ரிக் ஒலிப்பைக் காட்ட எண்களைப் பயன்படுத்தினார். 1780-ல் தாமஸ் ஷெரிடனும் 1791-ல் ஜான் வாக்கரும் அந்த வழியில் உயிரெழுத்துகளின் தலையில் எண் போட்டார்கள். இருவரும் மேடை நடிகர்களாக இருந்து பேச்சுக்கலை ஆசிரியரானவர்கள்.

சிக்கல் இங்கேதான். ஷெரிடனிடம் 'ஏ' எழுத்தின் மேல் 1 இருந்தால் அது தொப்பிக்கான சொல்லில் வரும் குறுகிய ஒலி; வெறுப்புக்கான சொல்லில் வரும் நீண்ட ஒலிக்கு 2. வாக்கரிடம் அந்த நீண்ட ஒலிதான் 1, குறுகியது 4. (தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் 'ஹேட்' ஆகிவிடும். எண்கள் ஏன் தேவைப்பட்டன என்பது இதிலேயே புரியும்.) எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்ற அட்டவணை போய்விட்டால், மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுத்துகளின் மேல் உள்ள எண்களுக்குப் பொருளே இல்லை.

வாக்கரின் முன்பக்கங்களில் இன்னொரு செல்வமும் உண்டு. 'கார்ட்' போன்ற சொற்களில் வரும் 'ர்' லண்டன்காரர் வாயில் கரைந்து 'காட்' என்பதுபோல் ஆகிவிடுகிறது என்று அங்கே பதிந்திருக்கிறார். இன்றைய பிரிட்டிஷ் உச்சரிப்பு உருவாகிக்கொண்டிருந்ததை நேரில் கேட்டவரின் சாட்சியம் அது. ஆனால் அகராதிப் பகுதியை இன்றைய உச்சரிப்புக்குப் பிரமாணமாகக் கொள்ளாதீர்கள். 'அஸ்பாரகஸ்' என்ற காய்கறிப் பெயரைச் சரியாகச் சொன்னால் பண்டிதத்தனமாகத் தோன்றும் அளவுக்கு 'ஸ்பாரோகிராஸ்' பரவிவிட்டது என்று அவர் எழுதிய காலம் அது.

ஒருமுறை என்னிடம் வந்த வாக்கர் பிரதியில் முதல் பாரமே (சேர்த்து மடித்துத் தைக்கும் தாள்தொகுதி) இல்லை. பல பதிப்புகளில் ஒலிக்குறிப்பு வரி ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஓடும்; முன்பு பைண்ட் செய்தவர் மேல்விளிம்பை வெட்டியதில் அதுவும் போயிருந்தது. வேறொரு பிரதியின் அட்டவணையை நகலெடுத்து, நகல் என்று பென்சிலில் குறித்து, சேர்த்துத் தைத்தேன்.

உதிர்ந்த தாள்களை ஒரு காகித உறையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளில் ஊறி எழுத்தையும் பழுப்பாக்கும். விளிம்பு வெட்ட வேண்டாம் என்று பைண்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.