கிரேவி: குழம்பு அல்ல, சாறு

"இங்கே வந்து மூன்று வருடமாகிறது. எல்லாம் பழகிவிட்டது. குழம்புதான் கிடைக்கவில்லை."

சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரி. மூலத்தை எழுதியவர் வட இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அவருக்கு எந்தக் குழம்பு வேண்டியிருந்தது? வத்தக்குழம்பா, மீன் குழம்பா? அடுத்த பத்தியில் அவர் ஊருக்குப் போய்வரும்போது "குழம்புப் பொடி"யைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். நம் ஊர்ப் பெண்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதும் அதைத்தான் என்பதால் வாசகருக்குச் சந்தேகமே வராது. அதற்கடுத்த பத்தியில் மேசைக்கு ஒரு "குழம்புப் படகு" வருகிறது. அங்கே பென்சிலை வைத்துவிட்டேன். மூலத்தில் மூன்று இடத்திலும் இருந்த சொல் 'கிரேவி'.

இது அவர் ஒருவர் செய்த பிழை என்றால் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். துணைவரிகளில், சிறுவர் கதைகளில், துப்பறியும் நாவல் மொழிபெயர்ப்புகளில் என்று எத்தனையோ வருடமாக ஆங்கிலேயர்கள் தமிழில் ஞாயிறுதோறும் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'கிரேவி' என்ற சொல்லே ஒரு வாசிப்புப் பிழையில் பிறந்தது என்பதுதான் அகராதிக்காரர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். பழைய பிரெஞ்சில் 'கிரனே' என்றொரு பக்குவம் இருந்தது. மணி, தானியம் என்று பொருள்படும் சொல்லோடு உறவுடையது. கையெழுத்துச் சுவடிகளில் அந்த 'ன'கர எழுத்தும் 'வ'கர எழுத்தும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். யாரோ 'கிரவே' என்று படித்தார்கள், நிலைத்துவிட்டது. 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த சுவடியில் 'கிரேவியில் முயல்' இருக்கிறது. அதில் சேர்வது அரைத்த பாதாம், இஞ்சித்தூள், சர்க்கரை. முந்திரி அரைத்து விடும் நம் ஓட்டல் கிரேவிக்குப் பாட்டனார் மாதிரி. அதன் பிறகுதான் பொருள் மெல்ல நகர்ந்து, இறைச்சியிலிருந்து கசியும் சாறு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்றைய பிரிட்டிஷ் கிரேவி எப்படி உண்டாகிறது என்று பார்த்தால்தான் வழக்கு புரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை அடுப்புப் பெட்டிக்குள் தட்டில் வைத்துச் சுடுகிறார்கள். வெந்த இறைச்சியை எடுத்து ஆறவைக்கிறார்கள். தட்டில் உருகிய கொழுப்பு நிற்கும். அடியில் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிப் பிடித்திருக்கும். கொழுப்பில் பெரும்பகுதியை வடித்துவிட்டு, மிஞ்சியதில் இரண்டு கரண்டி கோதுமை மாவைப் போட்டு வறுத்து, இறைச்சி அவித்த நீரோ உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரோ சிறிது சிறிதாக விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைக்க வேண்டும். கட்டி தட்டாமல் கிளறி, உப்பு மிளகு போட்டு வடிகட்டினால் முடிந்தது. புளி கிடையாது, மிளகாய் கிடையாது, தாளிப்பு கிடையாது. சூடாக, பழுப்பாக, கரண்டியின் முதுகில் படியும் அளவுக்கு இருக்கும். இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் மாவுப் பண்டம் எல்லாவற்றின் மேலும் ஊற்றுவார்கள். வட இங்கிலாந்தில் விரல் நீளத்தில் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள் மேலும் ஊற்றுவார்கள். அதை விட்டுவிட்டு வந்ததுதான் நம் பெண்மணியின் துக்கம்.

இப்போது குழம்புக் கட்சியின் வாதத்தைக் கேட்போம். அது அப்படியொன்றும் மோசமான வாதம் இல்லை. "குழம்பு என்றால் கெட்டியான நீர்மம், அவ்வளவுதான், சந்தனக் குழம்பு இருக்கிறது, எரிமலைக் குழம்பு இருக்கிறது, சித்த மருத்துவத்தில் அகத்தியர் குழம்பே இருக்கிறது, மாவு போட்டுக் கெட்டியாக்கிய இறைச்சி நீர் மட்டும் ஏன் குழம்பாகக் கூடாது?" என்று ஒரு நண்பர் என்னிடம் மடக்கினார். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. குழம்புதல் என்றால் கலந்து செறிதல்தான்.

ஆனால் சொல் எந்த வீட்டில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எரிமலைப் பக்கத்தில் அது பாறைக்கூழ். சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் வந்ததுமே அதற்குப் புளியும் மிளகாய்த்தூளும் ஒட்டிக்கொள்கின்றன. தமிழ் வாசகரின் நாக்கில் ஒரு சுவை ஏற்கனவே ஏறிவிட்டது. அதை அடிக்குறிப்புப் போட்டுக் கழுவ முடியாது. அதுகூடப் பெரிய குறை இல்லை. பெரிய குறை வேறு. குழம்பு தனியாக வைக்கப்படுவது. அதற்கென்று சட்டி உண்டு, அதற்குள் கத்திரிக்காயோ கறியோ மீனோ வேகும், அதுதான் அன்றைய சமையல். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்றுதான் கேட்கிறோம். கிரேவி அப்படி இல்லை. அது இன்னொரு பண்டத்தைச் சமைத்ததில் மிஞ்சியது. அதற்குள் எதுவும் வேகாது. இறைச்சி இல்லாத நாளில் அது பிறப்பதும் இல்லை. "இன்றைக்கு என்ன கிரேவி" என்று எந்த ஆங்கிலேயரும் வீட்டுக்கு வந்ததும் கேட்பதில்லை. ஒன்று சமையல், மற்றது அதன் கசிவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தப் பெண்மணியின் ஏக்கமே விளங்காது. குழம்பு கிடைக்கவில்லை என்றால் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றுதான் வாசகர் நினைப்பார்.

சரி, 'கிரேவி' என்றே எழுதிவிட்டால்? நானும் முதலில் அப்படித்தான் திருத்தினேன், அப்புறம் அடித்தேன். அந்தச் சொல்லைத் தமிழ் ஏற்கனவே வாங்கி வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. "பெப்பர் சிக்கன் டிரையா, கிரேவியா, செமி கிரேவியா?" என்று கேட்காத ஓட்டல் உண்டா? வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த மசாலா, குழம்பைவிடக் கெட்டி, பரோட்டாவுக்குத் தோது. தமிழில் கிரேவி என்றால் இதுதான். ஒலி ஒன்று, பண்டம் வேறு. இந்த விஷயத்தில் ஆங்கிலத்துக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் கிரேவி என்றால் பால் விட்டு வெள்ளையாகச் செய்வதும் உண்டு. அங்குள்ள இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றில் தக்காளிச் சாந்துக்கே அந்தப் பெயர். நன்றி நவிலல் நாளில் வான்கோழியோடு வருவது மட்டும் பிரிட்டிஷ்காரர் ஓரளவு அடையாளம் கண்டுகொள்ளும் வகை. நம் பெண்மணி கடைக்குப் போய்ப் பெயரைச் சொல்லியே ஏமாந்திருக்கிறார்.

தூய தமிழ் அன்பர்கள் இந்த இடத்தில் 'செறிசாறு', 'குழைமம்' என்று எதையாவது நீட்டுவார்கள். யார் வீட்டிலும் ஒலிக்காத சொல்லை உணவுக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குழம்பைக் குறிக்கும் ஆணம் என்ற நல்ல பழஞ்சொல்லை எடுக்கலாமே என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் வீடுகளில் இன்றும் புழங்குகிறது. ஆனால் உயிரோடு இருக்கிற சொல் என்பதே சிக்கல். இறைச்சியாணம் என்றால் அங்கே மசாலா மணக்கிற ஒரு தனிப் பண்டம். அவர்கள் சொல்லைப் பிடுங்கி ஆங்கிலேயருக்குக் கொடுப்பானேன்?

மிஞ்சுவது சாறு. கரும்புச்சாறு, இலைச்சாறு என்று ஒன்றிலிருந்து இறங்கியதைத்தான் சாறு என்கிறோம். கிரேவியின் உயிரும் அதுவே. இறைச்சிச்சாறு என்றால் பத்து வயதுக் குழந்தைக்கும் புரியும். சாறு என்றால் தண்ணீராக இருக்குமே, ரசத்தையல்லவா சாறு என்பார்கள் என்று கேட்கலாம். கெட்டி என்று ஓர் அடை போட்டால் தீர்ந்தது.

ஆனால் பிஸ்டோ என்னை மடக்கியது. பெண்மணி பெட்டியில் கொண்டுபோன பொடி அதுதான். இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் 1908இல் விற்பனைக்கு வந்தது. பழுப்பாக்கும், சுவையேற்றும், கெட்டியாக்கும், எல்லாம் ஒன்றில் என்பதன் சுருக்கமே பெயர் என்று விளக்குவார்கள். பெயருக்குப் பிறகு கட்டிய விளக்கம் போலத்தான் எனக்குப் படுகிறது. வெந்நீரில் கரையும் குருணை வடிவம் 1979இல் வந்தது. பழைய பொடியின் உறையைப் படித்தால் உருளைக்கிழங்கு மாவு, உப்பு, கோதுமை மாவு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, ஈஸ்ட். இறைச்சி எங்கே? இல்லை! அதைப் போய் இறைச்சிச்சாற்றுப் பொடி என்று எப்படி எழுதுவது? நான் 'கிரேவித் தூள்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'சுட்ட இறைச்சியின் சாறு போல வெந்நீரில் கரைத்துக்கொள்ளும் பழுப்புத் தூள்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். கொஞ்சம் நீளம்தான். புரிகிறதே.

பொடி தீர்ந்த பிறகு அந்தப் பெண்மணி செய்ததுதான் கட்டுரையின் நல்ல பகுதி. வெங்காயத்தை முக்கால் மணி நேரம் நிதானமாக வதக்கிச் சிவக்கவைத்து, மாவு தூவி, இறைச்சி நீர் விட்டு, அரைக் கரண்டி மார்மைட், நாலு சொட்டு வூஸ்டர் சாஸ் சேர்த்திருக்கிறார். மார்மைட் என்பது பியர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கரிய பசை. வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீனோடு புளியும் உண்டு. ஆக நாலு சொட்டுப் புளி உள்ளே போய்விட்டது. குழம்புக் கட்சிக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இதையெல்லாம் அவர் செய்வது தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தக் கருஞ்சிவப்பின் சுவையைப் பிடிக்கத்தான். மொழிபெயர்ப்பாளர் அதை "எரிந்த துகள்கள்" என்று எழுதியிருந்தார். ஐயா, காந்தல் என்று ஒரு சொல் இருக்கிறதே! கறி வறுத்த சட்டியில் ஒட்டியதோடு சுடுசோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிட்டவர்களுக்கு கிரேவியின் தத்துவத்தை விளக்கவே வேண்டாம். அங்கே சோறு செய்கிற வேலையை இங்கே மாவும் நீரும் செய்கின்றன. காந்தல்சாறு என்றே பெயர் வைக்க எனக்கு ஆசை. தீய்ந்த வாடை தட்டும் என்று பதிப்பாசிரியர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு.

அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். அதே கட்டுரையில் யார்க்‌ஷயர் புட்டிங் "யார்க்‌ஷயர் இனிப்பு" ஆகியிருந்தது. அது மாவு, முட்டை, பால் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றிச் சுடுவது; அதில் ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூடக் கிடையாது. அமெரிக்கர்களின் காலை உணவு "பிஸ்கட்டும் குழம்பும்" என்று வந்திருந்தது. அவர்கள் பிஸ்கட் என்பது மெத்தென்ற சிறு ரொட்டி. நம் வாசகரோ டீக்கடை பிஸ்கட்டைச் சாம்பாரில் தோய்க்கும் காட்சியைக் கண்டு பதறியிருப்பார்.

குழம்புப் படகுக்கு, அதாவது கிரேவியை மேசைக்குக் கொண்டுவரும் பாத்திரத்துக்கு, என்ன போடுவது என்று மொழிபெயர்ப்பாளர் நேற்றுத் தொலைபேசியில் கேட்டார், சற்று வருத்தத்தோடுதான். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை தெரியுமா என்றேன். தெரியும் என்றார். அதைப் பெரிதாக்கி ஒரு கைப்பிடி வைத்துப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "மூக்குக் கிண்ணம்னு போட்டுடட்டுமா சார்?" என்றார். போடுங்கள் என்றேன்.